அப்பாக்களின் பெயருக்குப் போன மின்னஞ்சல்

இன்று காலை ரவுட்டரின் மேல் தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலைப் பரப்பி வைத்தேன். நானேதான் வைத்தேன். மொனராகலை பஸ்ஸில் ஒரு பெட்டி பழம் வந்திருந்தது. அனுப்பியவர் அங்கே சாரதிப் பயிற்சிப் பள்ளி நடத்தும் நம் பழைய வாடிக்கையாளர். ஒன்றை உரித்தேன், தோல் கையில் இருந்தது, ரவுட்டர் வழக்கம்போலச் சூடாக இருந்தது. பத்து நிமிடத்தில் அறை முழுக்க அந்த வாசம். கீழே சலூனில் இருந்து ஏறிவரும் ஷாம்பு மணத்தை அது அப்படியே அமுக்கிவிட்டது.

பதினொரு வருடம் நீங்கள் இதைச் செய்தீர்கள். பதினொரு வருடமும் நான் சத்தம் போட்டேன். "ரவுட்டர் தீப்பிடிச்சால் நீங்கள்தான் பொறுப்பு" என்பேன். "பிடிச்சாலும் வாசமாத்தானே பிடிக்கும், விடுங்க மிஸ்" என்பீர்கள்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் போய் இரண்டாவது கிறிஸ்மஸ் வருகிறது. இதுவரை ஒரு வரி எழுதவில்லை. உங்கள் கல்லறைக்கும் ஒரே ஒரு தடவைதான் வந்தேன். மழையில் நின்றுகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் குடையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆனால் இன்று நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஒன்பதரைக்கு மின்னஞ்சல் மடல் போனது. இப்போது பன்னிரண்டரை. நான் இன்னும் ஒரு பிளேன்டீ கூடக் குடிக்கவில்லை. திரையை விட்டு எழும்பினால் எதையாவது தவறவிட்டுவிடுவேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் பார்த்தால் கைகொட்டிச் சிரிப்பீர்கள்.

உங்களை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த கொமினிகேஷன் கடையில். போட்டோக்கொப்பி எடுப்பீர்கள், வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பம் தட்டச்சுச் செய்வீர்கள், அப்படியே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் திறந்து கொடுப்பீர்கள். ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, சிஸ்டர்மாரிடம் படித்து, டைப்பிங் பழகி டவுனுக்கு வந்தவர் நீங்கள். நான் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க்கின் மகள். பதுளையிலேயே வளர்ந்தும் 'வாங்கோ, போங்கோ' என் வாயை விட்டுப் போகவில்லை. அப்போது ஒரு ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்தேன். கணக்கெடுப்புப் படிவங்களைப் பிரதி எடுக்க வருவேன்.

ஒரு நாள் என் படிவத்தை இயந்திரத்தில் வைத்துக்கொண்டே வாசித்தீர்கள்.

"இதுல நாப்பத்திரெண்டு கேள்வி இருக்கு மிஸ். எங்க நாத்தனா மேரி மாதிரி ஆளு மூணாவது கேள்வியிலயே அடுப்பைப் பார்க்க எந்திரிச்சிடுவா."

எனக்குக் கோபம் வந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் புள்ளிவிவரம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். போட்டோக்கொப்பிக்காரி எனக்குப் படிவம் சொல்லித் தருவதா? அடுத்த வாரம் தோட்டங்களுக்குப் போனேன். மூன்றாவது கேள்வியில் எழும்பினார்கள்.

திட்டம் முடிந்து நான் வேலையில்லாமல் இருந்தபோது, கடைகளுக்கு விளம்பர மின்னஞ்சல் செய்து கொடுக்கலாம் என்று சொன்னது நீங்கள்தான். "பதுளையில் ஆர் ஈமெயில் வாசிக்கிறது?" என்று கேட்டேன்.

"படிக்கிறவங்க பதுளையில இல்ல மிஸ். பதுளையை விட்டுப் போனவங்கதான் படிப்பாங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தொழில் இருந்தது. எனக்கு அது புரிய ஆறு மாதம் ஆனது. கட்டாரில், குவைத்தில், டொரொண்டோவில், கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு ஊர்க்கடைகளில் பொருள் வாங்கி வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களில் பாதிப் பேருக்கு முதல் முகவரியைத் திறந்து கொடுத்த விரல்கள் உங்களுடையவை.

சலூனுக்கு மேல் இந்த அறையைப் பிடித்தோம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பதினொரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தும் நான் உங்களை 'நீ' என்று கூப்பிடவில்லை. நீங்களும் 'மிஸ்'ஸை விடவில்லை. ஆனால் நாம் போட்ட சண்டைகளைக் கீழே முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

பெரும்பாலும் தலைப்பு வரிக்காகத்தான் சண்டை. திறக்கலாமா, அழிக்கலாமா என்று ஒருவர் முடிவெடுப்பது அந்த ஒற்றை வரியைப் பார்த்துத்தான். நான் ஒன்று எழுதுவேன், நீங்கள் ஒன்று எழுதுவீர்கள். பட்டியலைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு என்னுடையதும் மறுபாதிக்கு உங்களுடையதும் போகும். எதை அதிகம் பேர் திறக்கிறார்களோ அது வெற்றி. தோற்றவர் பின்னேரத் தேநீருக்கு ரோல்ஸ் வாங்க வேண்டும். அந்தச் சோதனை முறையைக் கொண்டுவந்தவள் நான். உங்களை வாயடைக்க வைக்கத்தான் கொண்டுவந்தேன். பந்தயம் ஆரம்பித்த முதல் மாதமே ரோல்ஸ் கடைக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

பல் டொக்டருக்குச் செய்தது நினைவிருக்கிறதா? நான் எழுதியது: 'ஆறு மாதப் பரிசோதனைக்கான நினைவூட்டல்.' நீங்கள் எழுதியது: 'போன தடவை வலிச்ச பல்லு இப்ப எப்படி இருக்கு?' மடல் போய் ஒரு மணித்தியாலத்தில் டொக்டர் போன் எடுத்தார். "நான் டொக்டரா, அடுத்த வீட்டுக்காரியா?" என்று கத்தினார். பின்னேரம் மறுபடி எடுத்தார். குரல் மாறியிருந்தது. உட்கார நாற்காலி போதவில்லை, இன்னும் நான்கு எங்கே வாடகைக்கு எடுக்கலாம் என்று கேட்டார்.

எல்லவில் விடுதி வைத்திருந்தவருக்கு நான் மலையையும் மூடுபனியையும் வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். "மழை பெய்யும்னு சொல்லுங்க மிஸ். சொல்லாம விட்டா வந்து திட்டுவாங்க. சொல்லிட்டா மழையைப் பார்க்கவே வருவாங்க" என்றீர்கள். புடவைக் கடைக்கு 'இப்போதே வாங்குங்கள்' என்று பொத்தானில் போட்டிருந்தேன். நீங்கள் அதை அழித்துவிட்டு 'பார்த்துட்டுப் போங்க' என்று மாற்றினீர்கள். கடைவாசலில் நிற்கிறவர்கள் அப்படித்தானே கூப்பிடுவார்கள், எந்த முதலாளி வாசலில் நின்று 'வாங்கு வாங்கு' என்று அதட்டுகிறார் என்று கேட்டீர்கள். நான் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படுவது என் வேலை. பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் வாங்கிவிட்டுத்தான் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை இருந்தது. மடலை அனுப்பும் முன் மேரிக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டுவீர்கள். கொழுந்து பறிக்கும் மலையிலோ அடுப்படியிலோ இருந்து மேரி கேட்பார். வாசித்து முடித்ததும் அவர் "சரி அண்ணி, அதுக்கு என்னா இப்போ?" என்று சொன்னால் மடல் குப்பைக்குப் போகும். நான் மூன்று நாள் உழைத்தவற்றையெல்லாம் அந்தக் கேள்வி கொன்றிருக்கிறது. வளாகத்தில் எந்தப் பேராசிரியரும் என்னிடம் அவ்வளவு பயனுள்ள கேள்வி கேட்டதில்லை என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று சொல்லியிருக்கலாம்.

இனி அந்தத் தேயிலை மடலுக்கு வருகிறேன்.

ஹல்துமுல்லையில் தேயிலையைப் பெட்டியில் அடைத்து விற்கும் முதலாளிதான் நம் பெரிய வாடிக்கையாளர். அவருடைய வாடிக்கையாளர்கள் நிரப்பிய படிவங்களைப் பார்த்து நீங்கள் பட்டியலைத் தட்டச்சுச் செய்தீர்கள். 'முழுப்பெயர்' என்ற இடத்தில் எல்லோரும் அடையாள அட்டையில் இருப்பதுபோல எழுதியிருந்தார்கள், முதலில் அப்பா பெயர், பிறகு தன் பெயர். மடல் அனுப்பும் மென்பொருளுக்கு, முதல் சொல்லை எடுத்து அதை வைத்து ஆளைக் கூப்பிடு என்று கட்டளை கொடுத்தது நான். எங்கேயோ வெளிநாட்டில் செய்த மென்பொருள். அதற்கு முதல் சொல்தான் ஆள். எனக்கு? என் அடையாள அட்டையிலும் எனக்கு முன்னால் அப்பாதான் நிற்கிறார். அப்படியிருந்தும் தோன்றவில்லை. நீங்கள் மேரிக்கு வாசித்தபோதும் பெயர் இல்லாமல் வாசித்ததால் அவருக்கும் பிடிபடவில்லை.

'பெரியசாமி, ஹல்துமுல்லையில் கொழுந்து துளிர்த்துவிட்டது.'

இப்படி, பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும், அவர்களுடைய அப்பாவின் பெயரில் மடல் போனது.

முதல் பதில் டோஹாவில் தாதியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் இருந்து வந்தது. 'பெரியசாமி என் அப்பா. இறந்து மூன்று வருடம். அவருக்குத் தேயிலை விற்கிறீர்களா?' அடுத்தது துபாயில் இருந்து: 'கம்பனி பஸ்ஸில் இருந்தேன். போனில் அப்பா பெயரைப் பார்த்ததும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு பெட்டி வீட்டுக்கு அனுப்புங்கள்.' பிறகு கொழும்பில் இருந்து ஒருவர்: 'நாங்கள் சகோதரர் மூன்று பேர். மூன்று பேருக்கும் அப்பா பெயரில் ஒரே மடல் வந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது அவர் எங்களுக்கு எதையும் இப்படிச் சமமாகத் தந்ததில்லை.' நீங்கள் அதை வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தீர்கள். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்தீர்கள்.

பதில்கள் நிற்கவில்லை. தேயிலை கேட்டு வந்த கட்டளைகளும் நிற்கவில்லை. அதுவரை நாம் செய்த எந்த மடலும் அப்படி விற்றதில்லை. முதலாளி சந்தோஷத்தில் தொலைபேசியிலேயே பாட்டுப் பாடினார். நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். திரையில் எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் அந்தக் கோடு ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு வரும் பரபரப்பு வேறெதிலும் வருவதில்லை.

நீங்கள் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு பதிலுக்கும் மன்னிப்புக் கேட்டுத் தனித்தனியாக எழுதத் தொடங்கினீர்கள். தேயிலை கேட்டவர்களுக்கும்.

"பிழைதான். ஆனால் வித்துப்போச்சுதே, விடுங்கோ" என்றேன்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யாரும் திரும்பித்தான் பார்ப்பாங்க மிஸ். அப்பா பேரைச் சொன்னா ஓடியே வருவாங்க. அதுக்காக ஏமாத்திக் கூப்பிடுறதா?"

"நாங்கள் வேணுமெண்டு செய்யேல்லையே."

"இன்னைக்குச் செய்யல. நாளைக்கு?"

நாளைக்கு என்ற எண்ணம் எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.

அன்றுதான் மன்னிப்புக் கடிதத்தின் அடியில் ஒரு கேள்வியைச் சேர்த்தீர்கள்: 'உங்களை நாங்கள் எப்படிக் கூப்பிட வேண்டும்?' மற்ற வாடிக்கையாளர்களின் படிவங்களிலும் அதைச் சேர்க்க வைத்தீர்கள். சிலர் தங்கள் பெயரைச் சரியாக எழுதி அனுப்பினார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் எழுதியது வேறு. சின்னப்பாப்பா. ராசாத்தி. மணி அண்ணன். கட்டையன். ஒருவர், 'லயத்தில் எல்லோரும் என்னை ஆறாம் நம்பர் என்பார்கள், வீட்டு எண் அது, அப்படியே கூப்பிடுங்கள்' என்று எழுதியிருந்தார். நீங்கள் எல்லாவற்றையும் பட்டியலில் ஒரு தனி நிரலாக, நெடுவரிசையாகப் போட்டு நிரப்பினீர்கள். நான் அதை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. டொரொண்டோவில் வங்கியில் இருக்கிற மனுஷனைக் கட்டையன் என்று கூப்பிட்டு மடல் அனுப்புவதா? எல்லோருக்கும் 'வணக்கம்' என்று மட்டும் போட்டேன். பாதுகாப்பான சொல். நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. பேசாமல் நிரப்பிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தபோதும் போனைக் கேட்டு வாங்கி, புதிதாக வந்த நான்கு பெயர்களைச் சொல்லி, "நிரல்ல போட்டுடுங்க மிஸ்" என்றீர்கள். போட்டேன். உங்கள் மனத்திருப்திக்காகத்தான் போட்டேன்.

போன மாதம் முதலாளி என்னை ஹல்துமுல்லைக்கு வரச் சொன்னார். நல்ல மழை. பெட்டி அடைக்கும் அறையில் ஆறு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முழங்கால் வலியால் மலைக்குப் போக முடியாமல் மேரியும் இப்போது அங்கேதான் இருக்கிறார். முதலாளி அவர்கள் முன்னிலையிலேயே பேசினார்.

"மிஸ், இப்ப யாவாரம் ரொம்பப் படுத்துருச்சு. இந்தக் கிறிஸ்மஸுக்குப் பொட்டி போகலேன்னா தை மாசம் இந்த ரூமைப் பூட்டுறதைத் தவிர வேற வழியில்ல."

யாரும் நிமிரவில்லை. கைகள் மட்டும் அடைத்துக்கொண்டிருந்தன.

"அதுனால, அன்னைக்கு ஒரு தப்பு விட்டீங்களே, அப்பா பேரு போட்டு. அந்தத் தப்பை இன்னொருக்கா விடுங்க."

நீங்கள் கேட்ட 'நாளைக்கு' வந்துவிட்டது. நான் மட்டும் தனியாக அதன் முன் நின்றேன்.

"தெரிஞ்சு செய்தால் அது தப்பு இல்லை, முதலாளி. அது வேற" என்றேன்.

"வித்துச்சா இல்லையா?"

"வித்தது."

"அப்ப என்னா மிஸ்?"

வெளியே வந்தபோது மேரி குடையோடு பின்னால் வந்தார். "மிஸ், நாங்க ஆறு பேரு. அப்பா பேரைப் போட்டா பொட்டி போகும்னா போட்டுடுங்களேன். அப்பன்மாரு கோவிச்சுக்கவா போறாங்க?" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்தார். மேரியே சொல்கிறார், அதுவும் நியாயமாகச் சொல்கிறார். என்னிடம் இருந்த ஒரே ஆதாரமும் அவர் பக்கம்தான் பேசியது. அப்பா பெயர் விற்கும். எனக்கு அது எண்ணிக்கையோடு தெரியும்.

திரும்பிப் போய் முதலாளியிடம் ஒரே ஒரு தடவை என் முறையில் செய்ய விடும்படி கேட்டேன். விற்காவிட்டால் நான் விலகுகிறேன், யாரையாவது வைத்து உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "மிஸ் படிச்சவங்க. பிடிவாதமும் படிச்சதுதான்" என்றார். ஒத்துக்கொண்டார்.

ஹப்புத்தளை வழியாகப் பஸ்ஸில் திரும்பும்போதுதான் உங்கள் நிரல் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால், நம்பிக்கையோடு ஞாபகம் வரவில்லை. வேறு எதுவும் இல்லை என்பதால் வந்தது. அறைக்கு வந்து பட்டியலைத் திறந்து அந்த நிரலை மேலிருந்து கீழாக வாசித்தேன். சின்னப்பாப்பா, ராசாத்தி, கட்டையன், ஆறாம் நம்பர், பூவரசி, டிரைவர் தம்பி, மொட்டை, செல்லக்கிளி. ஒரு மலை முழுக்க யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எத்தனை வருடமாக இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் 'வணக்கம்' போட்டுக்கொண்டிருந்தேன்!

பிறகு வந்த வாரங்கள்! நான் அப்படி வேலை செய்து வெகுகாலம். மலைக்காட்சிப் படம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அவர்கள் அந்த மலையை நிறையப் பார்த்தவர்கள். ஆறு பெண்களின் கைகளையும் என் போனிலேயே படம் எடுத்தேன். மேரி, "இருங்க மிஸ், நகத்தைக் கழுவிட்டு வாறேன்" என்று ஓடினார். கழுவாத கைதான் வேண்டும் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. தலைப்பு வரியை முப்பது தடவை எழுதினேன். எதிர் நாற்காலி வெறுமையாக இருந்ததால் என்னோடு நானே பந்தயம் கட்டினேன். உங்கள் பக்கத்துக்கு உங்களைப்போல யோசித்து ஒன்று எழுதி, அதைத் தோற்கடிக்கப் பார்த்து, கடைசியில் தோற்றேன்.

'ராசாத்தி, கொழுந்து வந்திருச்சு.'

உள்ளே முதல் வரி: 'நீங்களே சொன்ன பெயரால் கூப்பிடுகிறோம். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறோம்.' அதன் கீழே கைகளின் படம். யார் யாருடைய கைகள் என்று அவரவர் பெயரோடு ஒரு வரி. அந்தப் பெயர்களையும் ஆறு பேரிடமும் கேட்டுத்தான் போட்டேன். பொத்தானில், 'ஒரு பெட்டி வீட்டுக்கு அனுப்புங்க.'

நேற்று மேரிக்குப் போன் போட்டு வாசித்தேன். இந்த முறை பெயரோடு வாசித்தேன். 'அதுக்கு என்னா இப்போ?' என்ற அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் அப்படிக் காத்திருக்கவில்லை.

"எனக்கு ஈமெயில் இல்ல மிஸ்" என்றார் மேரி. "இருந்திருந்தா நான் திறந்திருப்பேன்."

இன்று ஒன்பதரைக்கு அனுப்பினேன். டோஹாவில் அப்போது காலை ஏழு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் எல்லோரும் போனைப் பார்க்கும் நேரம். அந்தக் கணக்கும் நீங்கள் போட்டதுதான். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. எழும்பி யன்னலைத் திறந்தேன், மூடினேன். பிறகு கோடு அசைந்தது. பிறகு ஏறியது. பத்தே காலுக்குத் தேயிலைக்கான முதல் கட்டளை, பின்னாலேயே இன்னொன்று, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பதினொரு மணிக்கு, அந்தப் பிழையான மடலை எத்தனை பேர் திறந்தார்களோ அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. நான் தனியாக இருந்த அறையில் "ஐயோ!" என்று கத்தினேன். கீழே சலூனில் கத்தரிச் சத்தம் நின்றது.

பதினொன்றரைக்கு முதலாளி போன் எடுத்தார். "மிஸ், பொட்டி பத்தாது போலிருக்கே! வெறும் பொட்டியைச் சொல்றேன், அட்டைப் பொட்டி! பண்டாரவளைக்கு ஆள் அனுப்பியிருக்கேன்." தை மாதத்தைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பேச்சை விடுங்க மிஸ்" என்றார். பின்னால் மேரியின் குரல் கேட்டது: "முதலாளி, அந்தப் பூட்டை எங்கிட்ட குடுங்க, எங்க கோழிக்கூட்டுக்கு ஆகும்!" ஆறு பெண்களும் சிரித்த சிரிப்பில் தொலைபேசி அதிர்ந்தது.

அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கட்டையன். நான் சந்தேகப்பட்டது அங்கே சரி. அவரை நிரலில் இருந்து எடுத்துவிட்டேன்.

சற்று முன்னர் டோஹாவில் இருந்து ஒரு பதில் வந்தது. அவரேதான். பெரியசாமியின் மகள். உங்கள் மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக அவர் அன்று ஒரே ஒரு சொல்தான் அனுப்பியிருந்தார் என்பதைப் பட்டியலில் பார்த்திருந்தேன்: குருவி. இன்று எழுதியிருக்கிறார்:

'குருவி என்று என்னைக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. இந்தப் பெயரை உங்களிடம் சொன்னதே எனக்கு மறந்துபோயிற்று. இத்தனை வருடம் இதை யார் எழுதி வைத்திருந்தது?'

தேயிலை கேட்கவில்லை. அதை மட்டும் கேட்டிருக்கிறார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். என்னிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று குறுக்கே வந்தது, கேட்காமல் ஒருவர் பெயரை எடுக்கக் கூடாது என்பது. இப்போது என் கை எந்தப் பட்டியலிலும், எந்த மடலிலும் அங்கே ஒரு கணம் நிற்கிறது. நீங்கள் விட்டுப்போனதில் அதுதான் என்னோடு இருக்கிறது, அதைக் கழற்றிவைக்க எனக்குத் தெரியவில்லை. உங்களிடமோ கேட்க முடியாது. அதனால் மேரிக்குப் போன் போட்டேன். இப்படி ஒரு பெண் கேட்கிறார், உங்கள் அண்ணி பெயரைச் சொல்லலாமா என்றேன்.

"சொல்லுங்க மிஸ். எங்க அண்ணியோட அப்பா பேரையும் முன்னாடி போட்டு முழுசாச் சொல்லுங்க. அந்த மனுஷன் பேரும் டோஹா வரைக்கும் போகட்டுமே."

அப்படியே எழுதினேன். முதலில் உங்கள் அப்பா, பிறகு நீங்கள்.